இடி மாதிரி சர்வ் வந்தால்?

வாசகர் கேள்வி – பதில்: டென்னிஸ்

டென்னிஸ் பற்றிக் கேளுங்கள் என்றோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "நான் தவறே செய்யாமல் ஆடுகிறேன், ஆனால் எதிராளி சர்வ் போட்டே ஜெயித்துவிடுகிறார்." அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, முழுக்க முழுக்க சர்வை, அதாவது பாயின்ட்டைத் தொடங்கும் முதல் அடியை, ஆயுதமாக்கிய பூதங்களைச் சமாளிக்கும் வழிதான்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: பேஸ்லைனில், அதாவது பின்கோட்டில், நின்று பத்து, பதினைந்து பந்து ஆடினால் யாரையும் களைக்க வைத்துவிடுவேன். ஆனால் கல்லூரி அணியில் ஆறடி மூன்று அங்குலத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் சர்வைத் தொடவே முடியவில்லை. எங்கே நிற்பது? பின்னால் போகலாமா?

போகலாம். ஆனால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும் சர்வ், காற்றிலும் தரையிலும் வேகத்தை இழந்து, ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் உங்களிடம் வரும். அடித்ததிலிருந்து உங்கள் ராக்கெட் வரைக்கும் சுமார் அரை வினாடி. அதில் 0.2 வினாடி, பந்து எந்தப் பக்கம் என்று மூளை முடிவெடுக்கவே போய்விடும். அசைவதற்கு மிஞ்சுவது 0.3. இரண்டு மீட்டர் பின்னால் போனால் கூடுதலாக 0.07 வினாடி கிடைக்கும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அது உங்கள் கையில் இருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு.

இப்போது இழப்பு. சர்வீஸ் கட்டத்தின் வெளி ஓரத்தில் குத்திப் போகும் பந்து, நீங்கள் பின்வாங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் கால் மீட்டர் மேலும் விலகி ஓடும். இரண்டு மீட்டர் பின்னால் நின்றால் அரை மீட்டர் கூடுதலாக எட்ட வேண்டும். பந்து கட்டத்தில் குட்டையாக விழுந்தால் கோணம் இன்னும் மோசம். நடுக்கோட்டை ஒட்டி, அதாவது டி-யில் விழும் சர்வுக்கு இந்த இழப்பு கிட்டத்தட்ட இல்லை.

ஆக, உங்கள் நண்பர் டி-யிலும் உடம்பிலும் நேராக அடிப்பவர் என்றால் பின்னால் போங்கள். பந்தைச் சீவி, அதாவது ஸ்லைஸ் போட்டு, வெளியே இழுப்பவர் என்றால் பின்னால் போவது அவருக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பு விடுப்பது மாதிரி. முன்னேதான் போக வேண்டும். ஒரே ஆளிடம் இரண்டு பக்கத்துக்கு இரண்டு இடமும் இருக்கலாம். வலக்கைக்காரர் டியூஸ் பக்கத்தில், அதாவது உங்கள் வலப் பாதியில், ஸ்லைஸால் உங்களை வெளியே தள்ளுவார். அங்கே ஒரு அடி முன்னே நில்லுங்கள். இடப் பாதியான அட்வான்டேஜ் பக்கத்தில் அவரால் அந்த அளவு கோணம் எடுக்க முடியாவிட்டால் அங்கே பின்னால் நில்லுங்கள். எதிராளி இடக்கைக்காரர் என்றால் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடம் முடிவானதும் கால். அவர் ராக்கெட் பந்தை நோக்கி மேலே எழும்பும்போது நீங்கள் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளி, அடிக்கும் சத்தம் கேட்கும் கணத்தில் இரண்டு கால்களும் தரையைத் தொட வேண்டும். இதுதான் ஸ்பிளிட் ஸ்டெப். தொட முடியாமல் போகிற ரிட்டர்ன்களில் பெரும்பாலானவை கையால் அல்ல, காலால்தான் தவறுகின்றன: ஆள் குதிகாலில் நின்றுகொண்டிருப்பார். துள்ளல் சீக்கிரம் வந்தாலும் பயனில்லை, பந்து கிளம்புவதற்குள் உடம்பு மறுபடி செத்துவிடும்.

பிறகு கை. ராக்கெட்டைப் பின்னால் வீசவே வீசாதீர்கள். தோளைத் திருப்பினால் ராக்கெட் தானாகத் தோள் வரைக்கும் போகும், அவ்வளவு போதும். வேகத்தை அவர் இலவசமாகக் கொடுத்துவிட்டார், நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை. சுவரில் பட்டுத் திரும்புகிற மாதிரி உடம்புக்கு முன்னால் மறித்துத் தள்ளுங்கள். கைப்பிடியை அதுவரைக்கும் தளர்வாக வைத்திருந்து, பந்து படும்போது மட்டும் இறுக்குங்கள். ஆரம்பத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால் முன்கை முழுக்க மரக்கட்டையாகி, ராக்கெட் தாமதமாக வரும். இரு கைகளால் பேக்ஹேண்ட் ஆடுபவர் ஃபோர்ஹேண்ட் கிரிப்பில் காத்திருந்து, இடக்கையை முன்கூட்டியே அதன் இடத்தில் வைத்திருக்கலாம். ஒற்றைக்கையர் ஸ்லைஸ் கிரிப்பில் காத்திருந்தால் மறிப்பது எளிது.

இனி, எங்கே திருப்புவது? நடுவில், ஆழமாக. கேட்க உப்புச்சப்பில்லாத பதில்தான். ஆனால் வலை நடுவில் 91 சென்டிமீட்டர், கம்பத்தருகில் 107. நடுவில் அடித்தால் 16 சென்டிமீட்டர் சலுகை உங்களுக்கு. தவிர, நடுவிலிருந்து திரும்ப அடிக்கும் அவருக்குக் கோணம் கிடைக்காது. வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரம், பேஸ்லைனுக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே: இதைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரக்கோட்டைக் குறிவைத்து ரிட்டர்ன் அடிப்பது, ஃபர்ஸ்ட் சர்வைப் (ஒரு பாயின்ட்டுக்கு உள்ள இரண்டு வாய்ப்பில் முதலாவது) பொறுத்தவரை, தற்கொலை.

சர்வ் ஆயுதக்காரர் விரும்புவது ஒரு பாயின்ட்டை மூன்று ஷாட்டுக்குள் முடிப்பதை. நீங்கள் விரும்புவது நான்காவது ஷாட்டை. ரிட்டர்ன் அழகாக இருக்க வேண்டியதில்லை. நான்காவது ஷாட் நடக்கும்படி இருந்தால் போதும்.

பள்ளி மாணவி, ஈரோடு: சர்வ் எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு. பந்தை மேலே வீசும் டாஸைப் பாருங்கள். வலக்கைக்காரர் வலப்புறம் தள்ளி வீசினால் ஸ்லைஸ். தலைக்கு மேலேயோ இடப்புறமாகவோ வீசினால் எகிறும் கிக். முன்னால் வீசினால் நேரடி வேகம். கிளப் அளவில் முக்கால்வாசிப் பேர் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். தேர்ந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே டாஸ் வைத்திருப்பார்கள். அவர்களிடம் இது பலிக்காது.

அவர்களிடம் பலிப்பது நினைவு. 30–30, டியூஸ், 30–40: இந்த மூன்று ஸ்கோரிலும் எங்கே போட்டார் என்று மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். 40–0இல் எங்கே போட்டார் என்பது எதற்கும் உதவாது. அங்கே அவர் விளையாட்டுக்கு எதையாவது முயன்று பார்ப்பார். நெருக்கடியில் மனிதன் தனக்குப் பிடித்த இடத்துக்குத்தான் போவான். அது தெரிந்துவிட்டால், அந்தப் பக்கம் அரை அடி சாய்ந்து நின்று மறுபக்கத்தை விட்டுக்கொடுங்கள். அங்கே ஏஸ், அதாவது தொடவே முடியாத சர்வ், விழுந்தால் விழட்டும். இரண்டு பக்கத்தையும் காக்கப் பார்த்து இரண்டையும் இழப்பவர்கள்தான் அதிகம்.

வங்கி ஊழியர், கோயம்புத்தூர்: செகண்ட் சர்வையாவது அடித்து நொறுக்கலாம் என்று பார்க்கிறேன், வலையில் போய் விழுகிறது. பேசாமல் அதையும் தட்டிப் போட்டுவிடலாமா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஏன் அது முக்கியம் என்று ஒரு கணக்கு.

உங்கள் எதிராளியின் ஃபர்ஸ்ட் சர்வ் 100க்கு 60 உள்ளே விழுகிறது, அதில் 75 சதவீதம் அவர் ஜெயிக்கிறார், செகண்ட் சர்வில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் தன் சர்வில் 65 சதவீதப் பாயின்ட் அவருக்கு. அப்படிப்பட்டவர் தன் சர்வீஸ் கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு 83 சதவீதம். ஐந்து கேம்களில் ஒரு முறையாவது நீங்கள் பிரேக் செய்யும், அதாவது அவர் சர்வ் போடும் கேமை ஜெயிக்கும், வாய்ப்பு 61.

இப்போது ஃபர்ஸ்ட் சர்வைத் தொடவே வேண்டாம், அதில் அவர் 75 சதவீதமே ஜெயிக்கட்டும். செகண்ட் சர்வில் மட்டும் அவர் வெற்றியை 50இலிருந்து 40க்கு இறக்குங்கள். அதாவது பத்து செகண்ட் சர்வில் ஒன்றே ஒன்று கூடுதலாக உங்களுக்கு. அவர் கேமைக் காப்பாற்றும் வாய்ப்பு 76க்கு வருகிறது. ஐந்து கேம்களில் ஒரு பிரேக்காவது கிடைக்கும் வாய்ப்பு 75க்கு ஏறிவிடுகிறது. பத்தில் ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு வட்டி வேறு எந்த வங்கியிலும் கிடைக்காது; உங்கள் வங்கியிலும்தான்.

இதைக் கண்மூடி அடித்துப் பெற முடியாது. செகண்ட் சர்வ் பெரும்பாலும் எகிறி வரும். தோள் உயரத்தில் அதை அடிக்க முயல்வதால்தான் உங்களுக்கு வலையில் விழுகிறது: மேலிருந்து கீழாகத் தட்டுகிறீர்கள். இரண்டு வழி உண்டு. பேஸ்லைனுக்கு உள்ளே ஒரு அடி வந்து, எகிறுவதற்குள் இடுப்பு உயரத்தில் எடுப்பது ஒன்று. மூன்று மீட்டர் பின்னால் போய், எகிறி இறங்கி மறுபடி இடுப்பு உயரத்துக்கு வரும்போது டாப்ஸ்பின்னோடு சுழற்றி அடிப்பது மற்றொன்று. நடுவில் நிற்பதுதான் தவறு. உங்களைப் போன்ற நிதானமான ஆட்டக்காரருக்கு இரண்டாவது வழியே கைவரும். ஆனால் அவர் சர்வ் போட்டதும் வலைக்கு ஓடி வருபவர் என்றால் முதல் வழிதான்.

எங்கே அடிப்பது? அவரது பேக்ஹேண்ட் மூலைக்கு, ஓரக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே. அவர் தொட முடியாதபடி அடிக்கும் வின்னர் வேண்டாம். அவரை ஓட வைத்தால் போதும், மிச்சத்தை உங்கள் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு பயன், கணக்கில் தெரியாதது. செகண்ட் சர்வ் தண்டிக்கப்படும் என்று தெரிந்தவர் அதைக் கூடுதல் வேகத்தில் போடப் பார்ப்பார். இரண்டு சர்வும் தவறும் டபுள் ஃபால்ட் வரும். அல்லது ஃபர்ஸ்ட் சர்வையே பத்திரமாகப் போட ஆரம்பிப்பார்; இடி மழையாகிவிடும். அவர் டாஸ் வீசும்போதே ஓரடி முன்னே வந்து காட்டுங்கள். ரிட்டர்ன் செய்பவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நகரலாம். வேண்டுமென்றே கையை ஆட்டுவது, சத்தம் போடுவது போன்ற இடைஞ்சல்தான் கூடாது.

வாசகர், திருச்சி: எல்லோரும் ரிட்டர்னைப் பற்றியே சொல்கிறார்கள். என் பிரச்சினை என் சர்வ். மெதுவாகத்தான் வரும். அவர் சர்வில் நான் தோற்கலாம், என் சர்விலும் தோற்றால்?

இந்த வாரத்தின் புத்திசாலித்தனமான கேள்வி இதுதான். சர்வ் பூதத்தை வீழ்த்துவதில் பாதி வேலை உங்கள் சர்வீஸ் கேமில் இருக்கிறது. அவரை நீங்கள் செட்டுக்கு ஒரு முறை பிரேக் செய்தால் போதும். ஆனால் உங்களை அவர் ஒரு முறை பிரேக் செய்தால் நீங்கள் இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். அது நடக்காத காரியம்.

மெதுவான சர்வ் குற்றமல்ல. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனின் சர்வைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. அதை வைத்துக்கொண்டே 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வென்றார். அதுவும் சர்வ் போட்டதும் வலைக்கு ஓடி அடிக்கும் சர்வ்–வாலி ஆட்டத்துக்கென்றே அமைந்த அந்தக் காலத்துப் புல்லில். மகன் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வும் அப்படித்தான். அவர் மூன்று முறை கிராண்ட் ஸ்லாம் காலிறுதி ஆடினார். இருவருக்கும் சோறு போட்டது பந்தை வைக்கும் இடம்.

உயரமானவர்களுக்குப் பொதுவாக இரண்டு சங்கடங்கள்: குனிவது, திசை மாற்றி ஓடுவது. உங்கள் சர்வ் அந்த இரண்டையும் கேட்க வேண்டும். ஃபர்ஸ்ட் சர்வின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பத்தில் ஏழு உள்ளே விழும்படி பாருங்கள். செகண்ட் சர்வ் போடும் நிலைமையே வராமல் இருப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்றை உடம்புக்கு நேராகப் போடுங்கள். நீண்ட கைக்காரருக்கு எட்டிப் பிடிப்பது சுகம், மடக்கி அடிப்பது நரகம். மற்றவற்றை ஸ்லைஸ் செய்து தாழ்வாக எழும்ப விடுங்கள். கிக் சர்வ் வேண்டாம். உங்களுக்குத் தோள் உயரத்தில் வருவது அவருக்கு இடுப்பு உயரம். தட்டில் வைத்துக் கொடுக்கிற மாதிரி.

பந்து மாறி மாறிப் போகும் ரேலி தொடங்கிய பிறகும் அதே யோசனை: முழங்காலுக்குக் கீழே ஸ்லைஸ், அடுத்தது மறு மூலைக்கு, பிறகு அவர் அப்போதுதான் விட்டு வந்த பக்கத்துக்கே திரும்ப. அவ்வப்போது வலையருகே விழும் ஒரு டிராப் ஷாட், பாயின்ட் எடுப்பதற்காக அல்ல, ஓட வைப்பதற்காக. இரண்டாவது செட் நடுவில் அதன் பலன் சர்வில் தெரியும். சர்வின் வேகம் கையிலிருந்து வருவதில்லை, தொடையிலிருந்து வருகிறது. தொடை சோர்ந்தால் முழங்கால் மடங்காது. மடங்காவிட்டால் பந்தை அடிக்கும் உயரம் குறையும், ஃபர்ஸ்ட் சர்வ் வலையில் விழ ஆரம்பிக்கும். முதல் செட்டில் அவர் 40–0 என்று இருக்கும் கேமில்கூட பந்தைச் சும்மா விடாதீர்கள். ஒரு நீளமான ரேலி ஆடித் தோற்றாலும் அது நஷ்டமில்லை.

வாசகி, மதுரை: நிதானமாக ஆடுபவர் சர்வ் மன்னரை வென்ற ஆட்டங்கள் சிலவற்றைச் சொல்லுங்கள். வீடியோவில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நம் ஊர். 2009 சென்னை ஓப்பன், நுங்கம்பாக்கம். அமைப்பாளர்களின் சிறப்பு அழைப்பான வைல்டு கார்டில் நுழைந்த சோம்தேவ் தேவ்வர்மன், 211 சென்டிமீட்டர் உயர இவோ கார்லோவிச்சைக் காலிறுதியில் வீழ்த்தி இறுதி வரை போனார். சோம்தேவிடம் பெரிய ஆயுதம் எதுவும் கிடையாது. ஓடுவார், திருப்புவார், மறுபடி ஓடுவார்.

2016 விம்பிள்டன் இறுதி: ஆண்டி மர்ரி, மிலோஸ் ராவோனிச். 6–4, 7–6, 7–6. ஸ்கோரை நன்றாகப் பாருங்கள்: மூன்று செட்டிலும் சேர்த்து ராவோனிச்சின் சர்வ் உடைந்தது ஒரே ஒரு முறை. மர்ரிக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் தன் சர்வை அவர் ஒருமுறைகூட இழக்கவில்லை. அரையிறுதியில் ஃபெடரருக்கு எதிராக 23 ஏஸ் போட்ட ராவோனிச்சுக்கு இறுதியில் கிடைத்தது எட்டுதான். மணிக்கு 147 மைல், அதாவது 237 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வ். அதையும் மர்ரி திருப்பிப் போட்டு அந்தப் பாயின்ட்டை எடுத்தார். அவரது ராக்கெட் எவ்வளவு குறைவாகப் பின்னால் போகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

2017 அமெரிக்க ஓப்பன் இறுதியில் நடாலும் கெவின் ஆண்டர்சனும். இங்கே எதிர்மாறான பாடம். நடால் லைன் நடுவர்களின் மடியில் உட்காராத குறையாகப் பின்னால் நின்று ரிட்டர்ன் செய்தார்; முழு வீச்சு, முழு டாப்ஸ்பின். 6–3, 6–3, 6–4. ஆனால் அன்று அவர் வலைக்கு வந்தது 16 முறை, 16 பாயின்ட்டும் அவருக்கே. பின்னால் நின்று தொடங்குவது வேறு, பின்னாலேயே கிடப்பது வேறு.

2022 விம்பிள்டன் இறுதி: ஜோகோவிச், கிர்கியோஸ். ஆளுக்கு ஒரு செட். மூன்றாவது செட் 4–4, கிர்கியோஸ் சர்வ், 40–0. யாராக இருந்தாலும் அடுத்த கேமைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். ஜோகோவிச் அந்தக் கேமை பிரேக் செய்தார், செட்டை எடுத்தார், நான்காவதையும் எடுத்துக் கோப்பையை வாங்கினார். கிர்கியோஸ் அன்று 30 ஏஸ் போட்டார். ஏஸ்களின் எண்ணிக்கையை வைத்து யார் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

பழையதில் ஒன்று: 1992 விம்பிள்டன் இறுதி, அகாசி – இவானிசெவிச். ஐந்தாவது செட்டில் 4–5 என்று பின்தங்கி சர்வ் போட வந்த இவானிசெவிச், அந்தக் கேமை இரண்டு டபுள் ஃபால்ட்டோடு தொடங்கினார். அதுவரைக்கும் நாலரை செட் அகாசி செகண்ட் சர்வை விரட்டி விரட்டி அடித்ததன் வட்டி அது என்பதே எங்கள் கருத்து. அகாசியின் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் வேண்டுமென்றால் 2009 விம்பிள்டன் இறுதி. ராடிக்கின் சர்வை ஃபெடரர் உடைத்தது 77ஆவது கேமில், அதாவது கடைசி கேமில் மட்டும். ஐந்தாவது செட் 16–14. அது ஃபெடரரும் சர்வில் 50 ஏஸ் போட்டதால் சாத்தியமானது. நீங்கள் அந்த வழியைப் பின்பற்ற வேண்டாம்.

ஆசிரியர், தஞ்சாவூர்: எப்படியோ 6–6 வரை இழுத்து வந்துவிடுகிறேன். டை-பிரேக்கில் தொலைத்துவிடுகிறேன்.

6–6இல் செட்டை முடிவு செய்யும் டை-பிரேக் சர்வ் மன்னர்களின் சொந்த ஊர். அங்கே அவர்களுக்குப் பழக்கம் அதிகம். ஆனால் ஒருவர் ஏழு பாயின்ட் எடுத்து முடிப்பதற்குள் அவர்கள் சுமார் ஆறு முறைதான் சர்வ் போடுவார்கள். அதில் இரண்டு செகண்ட் சர்வாக இருக்கும். அந்த இரண்டு உங்களுடையவை. மற்ற நான்கையும் நடுவில் திருப்பிப் போடுவதைத் தவிர எதுவும் செய்யாதீர்கள். உங்கள் சர்வில் இழக்கும் ஒரு பாயின்ட்டுக்கு அவர் சர்வில் இரண்டு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் முறை வரும்போது புது முயற்சி, திடீர் டிராப் ஷாட், சர்வ்–வாலி எதுவும் வேண்டாம். தோற்பவர்கள் பெரும்பாலும் அவர் சர்வால் தோற்பதில்லை, தங்கள் சர்வில் அவசரப்பட்டுத் தோற்கிறார்கள்.

வாசகர், புதுச்சேரி: வேகமான சர்வைப் பழகுவதற்கு அப்படிப்பட்ட ஆள் எங்களிடம் இல்லையே?

ஆள் வேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். பேஸ்லைனிலிருந்து சர்வீஸ் லைன் 18 அடி. உங்கள் கூட்டாளியை சர்வீஸ் லைனில் நிறுத்தி அங்கிருந்து சர்வ் போடச் சொல்லுங்கள். சாதாரண சர்வே அரை வினாடிக்குள் வந்து நிற்கும். டியூஸ் பக்கம் 20, அட்வான்டேஜ் பக்கம் 20, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. வின்னர் அடித்தாலும் கணக்கில்லை. எதிர்ப்பக்க சர்வீஸ் லைனைத் தாண்டி விழுந்தால் மட்டும் ஒரு மார்க். 20க்கு 12 வரும்வரை குறியை மாற்றாதீர்கள். 12 வந்ததும் கூட்டாளியை இரண்டடி பின்னுக்கு அனுப்பிவிட்டு, ஓரத்துக்கு அடிக்கப் பழகலாம்.

கண்ணுக்கு ஒரு பயிற்சி: பந்து அவர் ராக்கெட்டை விட்டதும் "வலது" அல்லது "இடது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடிக்க வேண்டாம். பந்து தரையில் குத்துவதற்குள் சொல் வெளியே வரவில்லை என்றால் உங்கள் கண் பந்தில் இல்லை, ஆளின் மேல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சர்வீஸ் லைனிலிருந்து வரும் பந்து தட்டையாகவும் கீழ்நோக்கியும் வரும். உயரமானவர் பேஸ்லைனிலிருந்து போடுவது போல எகிறாது. அதனால் வாரத்தில் ஒரு நாள், கூட்டாளியை ஒரு உறுதியான மேடை மீது ஏற்றி சர்வ் போடச் சொல்வது நல்லது. நாற்காலி வேண்டாம், கணுக்கால் போய்விடும்.

வாசகர், சேலம்: ராக்கெட் ஸ்ட்ரிங்கை இறுக்கினால் வேகமான சர்வைக் கட்டுப்படுத்தலாம் என்கிறார்கள். பந்து புதிதாக இருந்தால் என்ன, பழையதாக இருந்தால் என்ன?

இரண்டு பவுண்டு கூட்டினால் பந்து கொஞ்சம் குறைவாக எகிறிப் போகும், ரிட்டர்ன் நீளமாகப் போய் வெளியே விழும் பழக்கம் உள்ளவருக்கு உதவும். வலையில் விழுகிறது என்றால் அதற்கு நேர்மாறாகத் தளர்த்த வேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

பந்து இதைவிட முக்கியம். புதுப் பந்தில் ரோமம் படிந்து கிடக்கும், காற்றைக் கிழித்துக்கொண்டு வரும். தொழில்முறை ஆட்டங்களில் முதல் 7 கேம் முடிந்ததும், பிறகு ஒவ்வொரு 9 கேமுக்கு ஒரு முறையும் பந்தை மாற்றுவார்கள். சர்வ் மன்னர்கள் அந்தக் கேம்களுக்காகக் காத்திருப்பார்கள். நம் கிளப்பில் ஒரு டப்பா, மூன்று பந்து, ஆட்டம் முடியும் வரை அதேதான். சில கேம்கள் ஆனதும் ரோமம் புசுபுசுவென்று கிளம்பி பந்து மந்தமாகும். அந்த நேரம் உங்களுடையது. ரிட்டர்னுக்கு அரையடி முன்னேறுங்கள். இன்னும் நெடுநேரம் சிமென்ட்டில் தேய்ந்து வழுக்கையாகிவிட்டால் மறுபடி வேகம் பிடிக்கும். மூன்று பந்தும் ஒரே மாதிரி தேயாது. சர்வ் போடுபவர் எந்தப் பந்தைத் தேடிப் பிடித்து ஃபர்ஸ்ட் சர்வுக்கு வைத்துக்கொள்கிறார் என்று பாருங்கள், வேகம் வரப்போவது அதில்தான்.

வாசகர், நாகர்கோவில்: நான் தயாராகும் முன்பே சர்வ் போட்டுவிடுகிறார். நடுவரும் கிடையாது. கோட்டில் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தெரியாத வேகம். என்ன செய்ய?

நீங்கள் தயாராகும் வரை அவர் சர்வ் போடக் கூடாது, விதியே அப்படி. ஆனால் தயாராக இல்லையென்றால் கையை உயர்த்தி நில்லுங்கள், பந்தை அடிக்க முயலாதீர்கள். அடிக்க முயன்றாலே தயாராக இருந்ததாகத்தான் கணக்கு. பிறகு முறையிட முடியாது. அதே சமயம், நியாயமான அவர் வேகத்துக்கு நீங்கள் ஈடுகொடுத்தாக வேண்டும். துண்டால் முகம் துடைத்துக்கொண்டே இருந்தால் விதி உங்கள் பக்கம் இல்லை.

கோட்டு விஷயம்: நடுவர் இல்லாத ஆட்டத்தில் உங்கள் பக்கம் விழும் பந்துக்கு நீங்கள்தான் நடுவர். வெளியே என்று நிச்சயமாகத் தெரிந்தால் உடனே, சத்தமாகச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் பந்து உள்ளேதான். "சரியாகத் தெரியலை, இன்னொரு முறை போடுங்க" என்று கேட்க விதியில் இடமில்லை.